பிஎம்பி280 டிரைவர்: 'சஸ்பெண்டட்' என்று காட்டியும் தூங்காத சென்சார்

பிஎம்பி280 என்ற காற்றழுத்த சென்சாரை இயக்கும் லினக்ஸ் கெர்னல் டிரைவருக்கு ரன்டைம் பவர் மேனேஜ்மென்ட் (சுருக்கமாக ரன்டைம் பிஎம்: சிஸ்டம் ஓடும்போதே, சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்க வைக்கும் ஏற்பாடு) வந்தது 2016இல். வேலை இல்லாதபோது அந்தச் சிப்பையே ஸ்லீப் மோடுக்கு அனுப்பும் மாற்றம் வந்தது 2024இல். இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில், சென்சாரின் மின்சாரத்தை நிறுத்த வழியில்லாத ஒரு போர்டில் இந்த டிரைவரை ஓட்டி, சிஸ்எஃப்எஸ்ஸில் (சாதனங்களின் நிலையைக் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் இடம்) நிலையைப் பார்த்தால் 'சஸ்பெண்டட்' என்று வரும். சிப்போ விடாமல் அளந்துகொண்டே இருக்கும்.

2016இல் எழுதப்பட்ட குறியீடு தப்பு என்று சொல்ல வரவில்லை. அது எடுத்துக்கொண்ட வேலையைச் சரியாகவே செய்தது. ரன்டைம் பிஎம் என்பது அடிப்படையில் ஒரு எண்ணிக்கை. சாதனத்தைப் பயன்படுத்துகிறவர்கள் எண்ணிக்கையை ஏற்றுகிறார்கள், முடிந்ததும் இறக்குகிறார்கள். பூஜ்யம் ஆனதும் கெர்னல் டிரைவரின் சஸ்பெண்ட் ஃபங்ஷனைக் கூப்பிடும். அதற்குள் சிப்புக்கு என்ன ஆகிறது என்பது கெர்னலுக்குத் தெரியாது, தெரியவும் வழியில்லை. 'சஸ்பெண்டட்' என்ற சொல், அந்த ஃபங்ஷன் பிழை இல்லாமல் திரும்பியது என்பதற்கு மேல் எதையும் உறுதி செய்வதில்லை. ஒரு சென்சார் டிரைவருக்கு ரன்டைம் பிஎம் சேர்க்க உட்காருகிறவர்களுக்கு இந்த டிரைவரின் கதை நல்ல பாடமாக இருப்பது இதனால்தான்.

சிப்பின் மூன்று நிலைகள்

பிஎம்பி280 என்பது பாஷ் நிறுவனத்தின் காற்றழுத்த சென்சார். வெப்பநிலையும் அளக்கும். அதற்கு மூன்று மோடுகள். ஸ்லீப் மோடில் எதையும் அளக்காது, வழக்கமாக 0.1 மைக்ரோ ஆம்பியர்தான் எடுக்கும். ஃபோர்ஸ்டு மோடில் ஒரே ஒருமுறை அளந்துவிட்டுத் தானாகவே ஸ்லீப்புக்குத் திரும்பிவிடும். நார்மல் மோடில் அளப்பது, கொஞ்சம் ஓய்வு, மறுபடி அளப்பது என்று சுழன்றுகொண்டே இருக்கும். அந்த ஓய்வு நேரத்தை 0.5 மில்லி விநாடியிலிருந்து 4 விநாடி வரை வைக்கலாம். ரீசெட் ஆனதும் இருப்பது 0.5.

இங்கே எண்களைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். டிரைவர் தானாக வைக்கும் அமைப்பு: அழுத்தத்துக்கு 16 மடங்கு ஓவர்சாம்ப்ளிங் (ஒரு மதிப்புக்காகப் பலமுறை அளப்பது), வெப்பநிலைக்கு 2 மடங்கு. சிப்பின் தொழில்நுட்ப ஆவணமான டேட்டாஷீட் இதை 'அல்ட்ரா ஹை ரெசல்யூஷன்' என்கிறது. ஒரு அளவைக்கு வழக்கமாக 37.5 மில்லி விநாடி, அதிகபட்சம் 43.2 மில்லி விநாடி ஆகும். அழுத்தம் அளக்கும்போது 720 மைக்ரோ ஆம்பியர், வெப்பநிலை அளக்கும்போது 325. விநாடிக்கு ஒருமுறை மட்டும் ஃபோர்ஸ்டு மோடில் அளந்தால் சராசரி 24.8 மைக்ரோ ஆம்பியர். அதே அமைப்பை நார்மல் மோடில், 0.5 மில்லி விநாடி ஓய்வுடன் விட்டால்? 38 மில்லி விநாடி வேலைக்கு அரை மில்லி விநாடி ஓய்வு. கணக்குப் போட்டால் சராசரி சுமார் 650 மைக்ரோ ஆம்பியருக்கு வருகிறது. பயனர் விநாடிக்கு ஒரு மதிப்புதான் கேட்கிறார், சிப் விநாடிக்கு இருபத்தைந்துக்கும் மேற்பட்ட மதிப்புகளை அளந்து, யாரும் படிக்காமலேயே மேலெழுதிக்கொண்டிருக்கிறது.

650 மைக்ரோ ஆம்பியர் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். லினக்ஸ் ஓடும் பிராசஸர் விழித்திருக்கும்போது அது ஒன்றுமே இல்லை. பிராசஸர் பெரும்பாலான நேரம் தூங்கும் பேட்டரிக் கருவியில்தான் இது உறுத்தும். மற்றதெல்லாம் அடங்கியபின் மிச்சம் இருக்கும் செலவில் இது முதல் வரிசைக்கு வந்துவிடும்.

2016: மின்சாரத்தை நிறுத்துவோம்

ரன்டைம் பிஎம் அமைப்பு ரஃபேல் விசோட்ஸ்கியின் கைவண்ணத்தில் 2.6.32 பதிப்பிலேயே, அதாவது 2009இல், கெர்னலுக்குள் வந்துவிட்டது. பிஎம்பி280 டிரைவர் 2014இல் எழுதப்பட்டது. 2016இல் அதே டிரைவருக்குள் பழைய பிஎம்பி180, பிஎம்பி085 சிப்களும் சேர்ந்தன. ரன்டைம் பிஎம் சேர்ந்ததும் அதே வேலையின் ஒரு பகுதியாகத்தான்.

அப்போதைய சஸ்பெண்ட் ஃபங்ஷன் மிகச் சின்னது. சென்சாருக்கு இரண்டு மின் வழிகள் உண்டு, டிரைவரில் அவற்றின் பெயர் விடிடிடி, விடிடிஏ. சஸ்பெண்டில், அவற்றுக்கு மின்சாரம் தரும் இரண்டு ரெகுலேட்டர்களையும் விட்டுவிடுவது, அதாவது இனி வேண்டாம் என்று சொல்லிவிடுவது. மறுபடி எழுப்பும் ரெஸ்யூமில் அவற்றை இயக்கி, சிப் எழுந்துவர டேட்டாஷீட் சொல்லும் நேரம் காத்திருந்து, சிப்பின் அமைப்பை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்களை மறுபடி எழுதுவது. பிஎம்பி280க்கு அந்தக் காத்திருப்பு 2 மில்லி விநாடி, பிஎம்பி180க்கு 10 மில்லி விநாடி.

பிஎம்பி180க்கு இது போதும். அந்தச் சிப்பில் நார்மல் மோடு என்று ஒன்று கிடையாது. கட்டளை கொடுத்தால் ஒருமுறை அளக்கும், அப்புறம் தானே அடங்கிவிடும். ஆகவே ரெகுலேட்டர் நிற்காவிட்டாலும் பெரிதாக ஒன்றும் வீணாகாது. பிஎம்பி280இல்தான் சிக்கல், ஏனென்றால் டிரைவர் அதை நார்மல் மோடில் வைத்திருந்தது. அங்கே சேமிப்பு முழுவதும் ரெகுலேட்டர் உண்மையிலேயே நிற்பதை நம்பி இருந்தது.

ரெகுலேட்டர் எப்போதெல்லாம் நிற்காது? போர்டின் வன்பொருளைக் கெர்னலுக்கு விவரிக்கும் டிவைஸ் ட்ரீயில் சப்ளை எழுதப்படாமல் இருந்தால் கெர்னல் ஒரு டம்மி ரெகுலேட்டரைக் கொடுத்துவிடும். அதை இயக்கினாலும் நிறுத்தினாலும் வெற்றி என்றுதான் திரும்பும், மின்சாரத்தில் ஒரு மாற்றமும் இருக்காது. அதே ரெகுலேட்டரை இன்னொரு சாதனமும் பிடித்திருந்தால் நிற்காது. எப்போதும் இயங்க வேண்டும் என்று குறித்து வைத்திருந்தாலும் நிற்காது. சின்னச் சென்சாருக்கு என்று தனி ரெகுலேட்டர் வைக்கிற போர்டு குறைவு. 3.3 வோல்ட் பொது வழியில் தொங்கவிடுவதே வழக்கம். ஆக, டிரைவர் எந்த வசதியை நம்பியதோ அது பாதிப் போர்டுகளில் இருக்காது என்று வைத்துக்கொண்டே யோசிப்பது நல்லது.

இதற்கு நேர் எதிரான அபாயமும் ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. பிஎம்பி280இன் டேட்டாஷீட் தெளிவாக எச்சரிக்கிறது: இன்டர்ஃபேஸ் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்கும்போது அதன் சிக்னல் பின்களில் எதையும் உயர்நிலையில் பிடித்து வைக்கக் கூடாது. பாதுகாப்பு டயோடுகள் வழியாக அளவுக்கு மீறிய மின்சாரம் ஓடி, சிப் நிரந்தரமாகக் கெட்டுப்போகலாம். சென்சாரைப் பிராசஸரோடு இணைக்கும் ஐ2சி பஸ்ஸில், கம்பிகளை உயர்நிலைக்கு இழுத்துப் பிடிக்கும் புல்-அப் ரெசிஸ்டர்கள் வேறொரு மின் வழியில் இருந்தால், சென்சாரின் சப்ளையை நிறுத்தியதும் சரியாக இந்த நிலைதான் வரும். பஸ் சும்மா இருக்கும்போது இரண்டு கம்பிகளும் உயர்நிலையில்தானே இருக்கும். 'நன்றாக மின்சாரம் சேமிக்கிறது' என்று சொல்லி ரெகுலேட்டரை டிவைஸ் ட்ரீயில் சேர்ப்பதற்கு முன், புல்-அப் எங்கே இணைந்திருக்கிறது என்று சர்க்யூட் வரைபடத்தில் ஒருமுறை பார்ப்பது அவசியம். என்னைக் கேட்டால், ஸ்லீப் மோடில் 0.1 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கும் ஒரு சிப்பின் மின்சாரத்தை நிறுத்துவதில் கிடைக்கும் லாபம் இந்த அபாயத்துக்கு ஈடாகாது.

200 மில்லி விநாடி எங்கிருந்து வந்தது

ஆட்டோசஸ்பெண்ட் என்பது கடைசிப் பயன்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் பொறுத்துத் தூங்க வைப்பது. இந்த டிரைவர் அதற்கு ஒரு எளிய விதி வைத்தது: எழுந்துவரும் நேரத்தைப் போல நூறு மடங்கு. பிஎம்பி280க்கு 2 மில்லி விநாடி என்பதால் 200 மில்லி விநாடி. பிஎம்பி180க்கு ஒரு விநாடி.

விதி நியாயமாகத்தான் தெரிகிறது. எழுப்பும் செலவைப் பல படிப்புகளுக்கு (சென்சாரின் மதிப்பைப் படிக்கும் தடவைகளுக்கு) பகிர்ந்துவிடலாம். ஆனால் நார்மல் மோடோடு சேர்த்துப் பாருங்கள். ரெகுலேட்டர் சரியாக நிற்கும் போர்டிலேயே, விநாடிக்கு ஒருமுறை படித்தால், ஒவ்வொரு படிப்புக்கும் சிப் கால் விநாடி அளவுக்கு விழித்திருந்து முழு வேகத்தில் அளக்கிறது. 650இல் கால் பங்கு, அதாவது சுமார் 160 மைக்ரோ ஆம்பியர். ஃபோர்ஸ்டு மோடின் 24.8ஐவிட ஆறு மடங்குக்கு மேல். தாமதத்தைக் குறைத்தால் செலவு குறையும், ஆனால் அடுத்தடுத்துப் படிக்கும் பயனருக்கு ஒவ்வொரு முறையும் சிப் புதிதாக எழ வேண்டியிருக்கும்.

ஃபோர்ஸ்டு மோடு வந்ததும் இந்தப் பேரமே மறைந்துவிடுகிறது. ஒருமுறை அளந்ததும் சிப் தானே ஸ்லீப்புக்குப் போய்விடுவதால், ஆட்டோசஸ்பெண்ட் 200 ஆக இருந்தாலும் 2000 ஆக இருந்தாலும் சிப்பின் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். தாமதம் இனி ரெகுலேட்டரைப் பற்றிய கேள்வி மட்டுமே. சென்சார் டிரைவருக்கு ரன்டைம் பிஎம் எழுதும்போது முதலில் கேட்க வேண்டியது 'எப்போது சஸ்பெண்ட் செய்வது' என்பதல்ல. இந்தச் சிப்பால் ஒருமுறை அளந்துவிட்டுத் தானே அடங்க முடியுமா என்பதுதான். முடியும் என்றால் பாதி வேலை ரன்டைம் பிஎம்முக்கு வெளியிலேயே முடிந்துவிடும்.

2024இன் மாற்றம் இதைத்தான் செய்தது. தனித்தனிப் படிப்புகளுக்கு ஃபோர்ஸ்டு மோடு, சஸ்பெண்ட் ஆகும்போது வெளிப்படையாக ஸ்லீப் மோடு. தொடர்ச்சியாக அளந்து பஃபரில் போடும் பயன்பாட்டுக்கு மட்டும் நார்மல் மோடு. பஃபர் தொடங்கும்போது எண்ணிக்கையை ஒருமுறை ஏற்றி, பஃபர் நிற்கும்போது இறக்குவது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் ஏற்றி இறக்கத் தேவையில்லை.

எழுந்ததும் வரும் முதல் மதிப்பு

தூங்கி எழும் சென்சாரில் அதிகம் தொல்லை தருவது இதுதான். ரீசெட்டுக்குப் பின், முதல் அளவை முடியும்வரை, பிஎம்பி280இன் டேட்டா ரெஜிஸ்டர்களில் இருப்பது பதினாறடிமான 80000 என்ற மதிப்பு. 20 பிட் எண்ணில் சரியாக நடுப்புள்ளி. சரிபார்க்காமல் சூத்திரத்தில் போட்டால் பார்ப்பதற்கு நம்பும்படியான, ஆனால் பொய்யான ஒரு வெப்பநிலை கிடைக்கும். அது ஒரு வரைபடத்தில் தெரியும் சின்ன முள்ளாக மட்டும் இருந்துவிட்டால் யாரும் தேடக்கூட மாட்டார்கள். டிரைவர் இந்த மதிப்பைக் கண்டால் 'அளவை நடக்கவில்லை' என்று பிழை திருப்புகிறது. அது சரியான முடிவு.

ஆனால் பிழை திருப்புவது மட்டும் போதாது, காத்திருக்கவும் வேண்டும். 2 மில்லி விநாடி என்பது சிப் பஸ்ஸில் பதில் சொல்ல ஆகும் நேரம். முதல் அளவை முடிய அதற்கு மேல் 43 மில்லி விநாடி வரை ஆகும். இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது, ஏனென்றால் டேட்டாஷீட்டில் இரண்டும் வெவ்வேறு பக்கங்களில் இருக்கின்றன. அளவை நேரத்துக்கான சூத்திரம் இது: 1.25 மில்லி விநாடி, கூடவே ஒவ்வொரு ஓவர்சாம்ப்ளிங்குக்கும் 2.3 மில்லி விநாடி, அழுத்தமும் அளந்தால் இன்னும் 0.575. பதினாறையும் இரண்டையும் போட்டால் 43.2 வந்துவிடும். நிலையான ஒரு எண்ணை எழுதிவைத்தால், பயனர் ஓவர்சாம்ப்ளிங்கை மாற்றும் நாளில் அது பொய்யாகும். சூத்திரத்தையே குறியீட்டில் வைப்பது நல்லது. காத்திருந்தபின் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் 'அளந்துகொண்டிருக்கிறேன்' என்ற பிட் இறங்கிவிட்டதா என்றும் பார்க்கலாம்.

மின்சாரம் போனால் வேறு என்னென்ன போகும்? ஓவர்சாம்ப்ளிங் அமைப்பு போகும், வடிகட்டியின் அமைப்பும் அதற்குள் சேர்ந்திருந்த பழைய மதிப்புகளும் போகும். பன்னிரண்டு திருத்தக் குணகங்கள் சிப்புக்குள் நிரந்தரமாகப் பதிந்தவை. டிரைவர் சாதனத்தோடு முதலில் இணையும் கட்டமான புரோபில் 24 பைட்டாக ஒருமுறை படித்து நினைவகத்தில் வைத்துக்கொண்டால் போதும், ரெஸ்யூமில் மறுபடி படிக்க வேண்டியதில்லை.

இதில் ரெக்மேப் (ரெஜிஸ்டர்களைப் படிக்கவும் எழுதவும் டிரைவர்களுக்கு உதவும் கெர்னல் அடுக்கு) ஒரு பொறி வைத்திருக்கிறது. ரெஜிஸ்டர் மதிப்புகளின் பிரதியை அது நினைவகத்தில், கேஷில் வைத்துக்கொள்ளும். 'அப்டேட்_பிட்ஸ்' என்ற ஃபங்ஷன், புதிய மதிப்பும் கேஷில் உள்ளதும் ஒன்றாக இருந்தால் பஸ்ஸில் எழுதாமலேயே வெற்றி என்று திரும்பிவிடும். மின்சாரம் போய் வந்த சிப்பில் ரெஜிஸ்டர் பூஜ்யம், கேஷில் பழைய மதிப்பு. எழுதிவிட்டோம் என்று டிரைவர் நினைக்கும், சிப் ஸ்லீப்பிலேயே கிடக்கும். இந்த டிரைவர் மோடு ரெஜிஸ்டரை அமைக்க 'ரைட்_பிட்ஸ்' பயன்படுத்துகிறது, அது எதையும் ஒப்பிடாமல் எழுதும். ரெஜிஸ்டர்கள் நிறைய இருந்தால் கேஷைப் பழுதானது என்று குறித்து, ரெஸ்யூமில் மொத்தமாக ஒத்திசைப்பது இன்னும் சுத்தமான வழி.

எண்ணிக்கையை யார் பிடித்திருக்கிறார்கள்

புரோபில் நடப்பது வரிசை முக்கியமான வேலை. முதலில் ரெகுலேட்டர்களை டிரைவர் தானே நேரடியாக இயக்குகிறது. 'எண்ணிக்கையை ஏற்றினால் ரெஸ்யூம் ஃபங்ஷன் வந்து இயக்கிவிடுமே' என்று தோன்றும். ஆனால் பவர் மேனேஜ்மென்ட் இல்லாமல் கம்பைல் செய்த கெர்னலில் அந்த ஃபங்ஷன்கள் எல்லாம் வெறும் கூடுகள். சிப் இருட்டிலேயே இருக்கும். ஆகவே நேரடியாக இயக்கி, சிப் ஐடியைச் சரிபார்த்து, குணகங்களைப் படித்து, அப்புறம்தான் ரன்டைம் பிஎம். எழுப்பாமல் எண்ணிக்கையை மட்டும் ஏற்று, 'ஏற்கெனவே விழித்திருக்கிறது' என்று கெர்னலுக்குச் சொல், பின்பு இயக்கு, தாமதத்தை வை, எண்ணிக்கையை இறக்கு. 'விழித்திருக்கிறது' என்று சொல்ல மறந்தால் கெர்னல் சாதனம் தூங்குவதாகவே எடுத்துக்கொள்ளும். முதல் படிப்பில் ரெஸ்யூம் நடந்து ரெகுலேட்டர் இரண்டாம் முறையாக இயக்கப்படும், அப்புறம் கணக்கு என்றைக்கும் நேராகாது.

விலகும் வழி இதைவிடச் சுவாரசியம். டிரைவரை நீக்கும்போது, தூங்கிக்கொண்டிருக்கும் சிப்பை முதலில் எழுப்புகிறது! வீண் வேலை போலத் தெரியும். ஆனால் சஸ்பெண்டில் ரெகுலேட்டர் ஏற்கெனவே விடப்பட்டுவிட்டது. டிரைவர் போகும்போது தானாக நடக்கும் சுத்தப்படுத்தல் இன்னொரு முறை விடப் பார்க்கும். ரெகுலேட்டர் அடுக்கு உடனே எச்சரிக்கை கக்கும். எழுப்பிவிட்டு, எண்ணிக்கையை ஓசையில்லாமல் இறக்கி, ரன்டைம் பிஎம்மை முடக்கினால் சிப் இயங்கும் நிலையில் நிற்கும், கணக்கும் நேராகும்.

படிக்கும் பாதையில் எழுப்புவதும் இறக்குவதும் ஒரே இடத்தில், வெளியே ஒரு உறை ஃபங்ஷனில் இருக்க வேண்டும். உள்ளே எத்தனை ரிட்டர்ன் இருந்தாலும் கவலையில்லை. இன்னொரு காரணமும் உண்டு: ஒரே நேரத்தில் ஒருவரை மட்டும் உள்ளே விடும் பூட்டான மியூட்டெக்ஸ். பூட்டைப் பிடித்துக்கொண்டு எழுப்பினால், ரெஸ்யூம் ஃபங்ஷனும் அதே பூட்டைக் கேட்டால், அங்கேயே டெட்லாக். எழுப்பிய பிறகே பூட்டு. இந்த ஏற்பாட்டில் ஒரு சின்னக் குறை இருக்கிறது. நினைவகத்தில் இருக்கும் ஓவர்சாம்ப்ளிங் எண்ணை மட்டும் கேட்டாலும் சிப் எழும். இதைத் தவிர்க்கக் குறியீட்டைச் சிக்கலாக்குவது எனக்குத் தேவையாகப் படவில்லை, அந்த எண்ணை யாரும் விநாடிதோறும் கேட்கப் போவதில்லை.

பிழைகள்தான் வெகுநாள் மறைந்திருக்கும். பழைய 'கெட்_சிங்க்' ஃபங்ஷன், எழுப்புவது தோற்றாலும் எண்ணிக்கையை ஏற்றியபடியே திரும்பும். பிழை வந்தால் உடனே வெளியேறும் டிரைவர் ஒரு எண்ணைக் கசியவிடும், அதன் பிறகு அந்தச் சாதனம் தூங்கவே தூங்காது. எத்தனையோ டிரைவர்களில் இந்தப் பிழை இருந்ததால்தான் 2020இல் 'ரெஸ்யூம்_அண்ட்_கெட்' வந்தது. தோற்றால் எண்ணிக்கையை அதுவே இறக்கிவிடும். புதிதாக எழுதுகிறவர்களுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சஸ்பெண்ட் ஃபங்ஷன் திருப்பும் பிழையிலும் கவனம் தேவை. 'பிஸி', 'மறுபடி முயல்' என்ற இரண்டு பிழை எண்களைக் கெர்னல் மன்னித்து, சாதனத்தை இயங்கும் நிலையிலேயே வைத்துக்கொள்ளும். வேறு எது வந்தாலும் அதைச் சாதனத்தின் பிழையாகக் குறித்துவைக்கும். அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு எழுப்பலும் தோற்கும். பஸ்ஸில் ஒரே ஒருமுறை எழுதுவது தவறியதற்காக, ரீபூட் வரை சென்சார் செத்துக்கிடக்கலாம். ஸ்லீப் மோடுக்கு எழுதும் கட்டளை தோற்றால் அந்தப் பிழையை அப்படியே மேலே அனுப்பாமல், 'பிஸி' என்று சொல்லி அடுத்த வாய்ப்புக்கு விடுவதே எனக்குப் பிடித்த வழி.

இடையில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடலாம். சென்சார் விழித்திருந்தால் அதன் தாயான ஐ2சி கன்ட்ரோலரும் தூங்காது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுவான விதி அதுதான். ஆனால் ஐ2சி அடுக்கு, பஸ் அடாப்டரைப் பதிவு செய்யும்போதே 'பிள்ளைகளைப் பார்க்காதே' என்று குறித்துவிடுகிறது. கன்ட்ரோலர் தன் வேலை முடிந்ததும் தானே தூங்கும். சென்சாரில் ரன்டைம் பிஎம் சேர்ப்பதற்கு இதை ஒரு காரணமாகச் சொல்ல முடியாது.

முழு சிஸ்டமும் தூங்கும்போதைக்குத் தனியாக எதுவும் எழுதத் தேவையில்லை. 'ஃபோர்ஸ்_சஸ்பெண்ட்', 'ஃபோர்ஸ்_ரெஸ்யூம்' இரண்டும் அதே ரன்டைம் ஃபங்ஷன்களையே பயன்படுத்திக்கொள்ளும்.

எப்படிச் சோதிப்பது

சிஸ்எஃப்எஸ்ஸில் சாதனத்தின் 'பவர்' கோப்புறையில் நிலை, விழித்திருந்த மொத்த நேரம், தூங்கிய மொத்த நேரம் எல்லாம் கிடைக்கும். விநாடிக்கு ஒருமுறை படித்தபடி ஒரு நிமிடம் விட்டு, இரண்டு நேரங்களின் விகிதத்தைப் பார்த்தால் ஆட்டோசஸ்பெண்ட் நினைத்தபடி நடக்கிறதா என்று தெரிந்துவிடும். தூங்கிய நேரம் ஏறவே இல்லையென்றால் எங்கோ எண்ணிக்கை கசிகிறது. 'கன்ட்ரோல்' கோப்பில் 'ஆன்' என்று எழுதினால் தூக்கம் தடைபடும், 'ஆட்டோ' என்றால் மீளும். தாமதத்தை மிகச் சிறியதாக வைத்து ஒவ்வொரு படிப்புக்கும் சிப்பை எழுப்ப வைத்தால், முதல் மதிப்புப் பிழையும் கேஷ் பிழையும் சீக்கிரமே தலைகாட்டும். டிரைவரைச் சாதனத்திலிருந்து அவிழ்த்து மறுபடி கட்டுவதைத் தூங்கும்போது ஒருமுறை, விழித்திருக்கும்போது ஒருமுறை செய்து பார்த்தால் ரெகுலேட்டர் கணக்கு வெளிப்படும். பவர் மேனேஜ்மென்டை நீக்கிக் கம்பைல் செய்து, சென்சார் அப்போதும் மதிப்புத் தருகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இவை எல்லாமே கெர்னலின் கணக்குப் புத்தகத்தைச் சரிபார்க்கும் சோதனைகள். பிஎம்பி280 எட்டு ஆண்டுகள் இவை அனைத்திலும் தேறியிருக்கக்கூடும். சிப் தூங்குகிறதா என்று அறிய, நிலை 'சஸ்பெண்டட்' என்று மாறியபின் மோடு ரெஜிஸ்டரை டிரைவருக்கு வெளியிலிருந்து ஐ2சி கருவிகளால் நேரடியாகப் படிக்கலாம். கடைசி இரண்டு பிட்டும் பூஜ்யமாக இருந்தால் ஸ்லீப், இரண்டும் ஒன்று என்றால் நார்மல். சிப் பதிலே சொல்லாவிட்டால் மின்சாரம் நின்றுவிட்டது. அதையும் தாண்டி, சென்சாரின் மின் வழியில் ஒரு மைக்ரோ ஆம்பியர் மீட்டரை வைத்து, 200 மில்லி விநாடிக்குப் பிறகு முள் இறங்குகிறதா என்று பார்த்துவிடலாம்.